பக்கத்து வீட்டுச் சுவர்

ஏணியின் அடியில் வந்து நின்ற பிறகும் கண்டக்டரம்மாவின் வாயிலிருந்த ‘வேண்டாம்’ வெளியே வரவில்லை. பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தாள். எங்கே ஆரம்பிப்பது, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படிச் சமாளிப்பது, சாப்பிடுவதற்கு முன்னால் சொல்வதா பின்னால் சொல்வதா என்றெல்லாம் யோசித்தாயிற்று. வந்து பார்த்தால் மனிதர் ஏணி உச்சியில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்.

பாட்டென்றால் பெரிய பாட்டில்லை. வேலை நன்றாக ஓடும்போது மட்டும் மூக்கிலிருந்து கிளம்பும் ஒரு ராகம். முதல் வரியைத் தாண்டி அது போனதாகச் சரித்திரமில்லை. முழங்கால் வலி வந்து வேலையை விட்ட பிறகு அந்த ஒரு வரியும் வீட்டில் கேட்காமல் போயிருந்தது. இப்போது முன்பின் தெரியாத ஒரு தெருவில், வெயிலில் நின்று அதைக் கேட்டபோது அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. சரி, சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்ல வந்ததை விழுங்கி வைத்தாள்.

“வந்துட்டியா கண்டக்டர்?” என்றார் மேலிருந்து, திரும்பாமலே. “ஏணிக்கு நேர் கீழ நிக்காதே. சொட்டினா அப்புறம் என்னைத்தான் திட்டுவே.”

“நான்தான்னு எப்படித் தெரியும்?”

“இந்தத் தெருவுல செருப்புச் சத்தம் கேக்கற மாதிரி நடக்கற ஆள் வேற யாரு? இங்க எல்லாரும் பூனை மாதிரி நடக்கறாங்க.”

அது உண்மைதான். ஒரு கடை, ஒரு தபால் பெட்டி, தெருவுக்கு முகத்தையும் கடலுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு வீடுகள். அவ்வளவுதான் ஊர். ஆட்கள் இல்லாமலில்லை, சத்தம்தான் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வழி கேட்ட கடைக்காரர் கையைக் காட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. இங்கே நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடல் மட்டும் பின்னால் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது, புறப்படாத பஸ் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிற மாதிரி. படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கும் வண்டியில் தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்தவள் அவள். பஸ் டிப்போவுக்கு எதிரே, சந்தைக்கு மேலே மாடி வாடகை வீட்டில் இத்தனை வருஷம் தூங்கி எழுந்தவள். மனிதக் குரல் கேட்காத இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. அதைத்தான் இன்று சொல்லி முடித்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

வீட்டு ஆசை பெயின்டருக்குத்தான். ஊரெல்லாம் அவரை அப்படித்தான் கூப்பிட்டது, அவளும் கோபமில்லாத நேரங்களில் அப்படியே கூப்பிட்டாள். அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு அழகு பார்த்தே தலை நரைத்தவர். குடியிருந்த வீட்டுக்காரரோ ஆணி அடித்தாலே மூக்கால் அழுகிறவர், வர்ணம் பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. சொந்த வீடென்றால் எங்கேயாவது வாங்கலாமே, ஏன் கடலோரம் என்று கேட்டால் பெயின்டர் சொன்ன காரணம் உலகத்தில் யாரும் சொல்லாத காரணம்.

“உப்புக் காத்துல பெயின்ட் நிக்காது. வருஷா வருஷம் அடிச்சுக்கிட்டே இருக்கலாம் பாரு!”

உப்புக்குப் பயந்து ஊர் ஓடும், இவர் உப்பைத் தேடி ஓடினார். போதாக்குறைக்கு, ஒரு கோட் அடித்துப் பார்க்காமல் எந்தச் சுவரையும் நம்பமாட்டார். வெறுஞ்சுவர் ஊமை, அதற்கு வாய் வருவது முதல் கோட்டுக்குப் பிறகுதான் என்பது அவர் சித்தாந்தம். ஈரம் எங்கே, விரிசல் எங்கே என்று அப்போதுதான் அது சொல்லுமாம். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்துப் பார்க்கப் புரோக்கரிடம் அனுமதி வாங்கிவிட்டார். வீட்டுக்காரரும் சரியென்று சொல்லிவிட்டாராம். சும்மா வருகிற லட்சுமியை யார் வேண்டாம் என்பார்கள்? இரண்டு நாளாக முதல் பஸ்ஸில் ஏணியோடு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இன்று புரோக்கர் வீட்டுக்காரரையே அழைத்துவரப் போகிறார், கண்டக்டரம்மா வீட்டைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் பெயின்டர்.

அவள் முதல்முறையாகச் சுவரைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்க முடிந்திருந்தது. இப்போது பக்கவாட்டுச் சுவரில் இருந்தார். மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. எலுமிச்சம்பழம் மரத்திலேயே பழுக்கத் தொடங்கும்போது ஒரு நிறத்துக்கு வருமே, அது. தெருவிலிருந்த மற்ற ஐந்து வீடுகளும் உப்பரித்துப் போய் நோயாளிகளைப் போல நிற்க, இது மட்டும் குளித்துவிட்டு வந்து நின்றது.

“அடிச்சது நல்லா இருக்கு,” என்றாள். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அவருக்குக் காதில் விழவில்லை.

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் தட்டில் டீயோடு வந்தார். வெள்ளை முடி, ஒடிசலான உடம்பு, இஸ்திரி கலையாத புடவை. கண்டக்டரம்மாவைப் பார்த்ததும் உள்ளே போய் இன்னொரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

“இவங்கதான் வீட்டுக்காரரு சம்சாரம்,” என்று பெயின்டர் ஏணியிலிருந்து மெல்லக் கிசுகிசுத்தார். “ரொம்பத் தங்கமானவங்க. ரெண்டு நாளா வேளாவேளைக்கு டீ. ஆனா வாய்தான் திறக்கமாட்டாங்க.”

இரண்டு நாளாக இவருக்கு டீ போட்டுக் கொடுக்கிற அம்மாளைக் கண்டக்டரம்மா மேலும் கீழும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எழுபது தாண்டினாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போன நேரத்தில் புரோக்கரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மகள் வீட்டில் இருப்பவர், விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர். ஸ்கூட்டரை நிறுத்திய புரோக்கர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வர்ணம் அடித்த வீட்டைப் பார்த்தார். அதன் வலப்பக்கம் பூட்டிக் கிடந்த, வர்ணம் அடிக்காத வீட்டைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

“அண்ணே,” என்றார். “இதை யாரு அடிச்சது?”

“நான்தான். பின்ன யாரு?”

“ஏண்ணே?”

“ஏனா? வாங்கப் போற வீட்டுக்கு அடிக்காம, பக்கத்து வீட்டுக்கா போய் அடிப்பாங்க?”

“அதைத்தாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க.”

பெயின்டரின் கையில் தூரிகை அப்படியே நின்றது. “இடது பக்கத்துலேருந்து மூணாவது வீடுதானே காட்டினே?”

“அன்னிக்கு இந்தத் தெருவைக் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க. கடல் பக்கமா மணல்ல நடத்திக் கூட்டிட்டு வந்து, சாவி இல்லாததால வெளியிலேருந்துதான் காட்டினேன். அங்கேருந்து பாத்தா இடது பக்கம் மூணாவது. தெருப் பக்கம் வந்து நின்னா இடது வலதாயிடாதா?”

பெயின்டர் ஆறு வீடுகளையும் ஏணி மேலிருந்து இந்த முனையிலிருந்து எண்ணினார், அந்த முனையிலிருந்து எண்ணினார். கப்பல் சமையல்காரரைப் பார்த்தார். பிறகு டீத் தட்டோடு நின்ற அம்மாளைப் பார்த்தார்.

“அப்ப... நீங்க யாரும்மா?”

“நான் பல் டாக்டர்,” என்றார் அந்த அம்மாள். “ரிடையர் ஆயிட்டேன். இது என் வீடு.”

“ஏம்மா, சுவத்துக்கு அடிக்க வந்திருக்கேன், எல்லாம் பேசியாச்சுன்னு சொன்னேனே, தலையாட்டினீங்களே!”

“ஆறு வீட்டுக்கும் சேத்து ஒரே ஆளை வெச்சு அடிக்கணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்தது. என் வீட்டுலேருந்து ஆரம்பிக்கறாங்கன்னு நெனைச்சேன்.” டாக்டரம்மா இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். “நேத்து நீங்க எங்கிட்ட, அலமாரியை எந்த மூலையில போட்டா என் வீட்டுக்காரிக்கு எட்டும்னு கேட்டீங்க. அப்பவே கொஞ்சம் சந்தேகம் வந்தது.”

“அப்பவாவது கேக்கக் கூடாதா?”

“அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். என் வாயைத் திறந்து பழக்கமில்ல.”

கப்பல் சமையல்காரர் பூட்டிக் கிடந்த தன் வீட்டை வருத்தத்தோடு பார்த்தார். “இப்ப இதைப் பாத்த கண்ணால என் வீட்டை யாரு வாங்குவா?”

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்து வெடித்த மாதிரி ஒரு சிரிப்பு. தட்டிலிருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. அடுத்து புரோக்கர். பெயின்டர் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாகச் சிரித்துக்கொண்டே இறங்கினார். கீழே வந்தவர் நிற்க முடியாமல் வாசலில் கிடந்த டாக்டரம்மாவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஆயிரம் வீடு அடிச்சிருப்பேன். ஒரு வீடு மாத்தி அடிச்சதில்ல. எனக்குன்னு அடிக்க வந்து... ஐயோ... கண்டக்டர், ஸ்டாப்பு மாறி இறங்கிட்டேனே! என்ன அபராதம் போடப் போறே?”

கண்டக்டரம்மாவுக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய குரலில் அதட்டினாள். “அபராதம் உண்டு! பக்கத்து வீட்டையும் அடிச்சுக் கொடுத்துட்டுத்தான் வண்டி ஏறணும்!”

“அப்ப வாங்கிக்கலாம்ங்கற?” என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை ஆடியது. சிரிப்பில் ஆடியதா, வேறு எதற்காகவாவது ஆடியதா என்று அவளுக்கே தெரியாது.

“அப்படிப் போடு,” என்றார் பெயின்டர். “அடியில ஒரு பட்டைதான் பாக்கி. அதை முடிச்சுட்டு, நாளைக்கு நம்ம வீட்டுல ஆரம்பிச்சுடறேன். கொஞ்சம் தண்ணி குடு. சிரிச்சுச் சிரிச்சு நெஞ்சு அடைக்குது.”

முன்பின் தெரியாத சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, மற்றவர்களுடைய சிரிப்பு நின்றிருந்தது. அவர் முகத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது. டாக்டரம்மா குனிந்து அவருடைய கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரானாலும் டாக்டர் டாக்டர்தானே. டாக்டரம்மா நிமிர்ந்து கண்டக்டரம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“பெயின்டரே,” என்று கூப்பிட்டாள் கண்டக்டரம்மா. பஸ்ஸில் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரலில் இன்னொரு முறை கூப்பிட்டாள். தெருவிலிருந்த எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன.

மருத்துவமனை வண்டி வந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. நகரத்துக்கு எடுத்துப் போவதா என்று புரோக்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாடி வீட்டுப் படிக்கட்டில் ஆளைப் படுக்கவைத்துத் தூக்க முடியாது என்பது கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். அவள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா தன் முன்னறையிலிருந்த மேஜையை ஓரமாக இழுக்கத் தொடங்கினார்.

“அவரு அடிச்ச வீடு,” என்றார். “இங்கயே இருக்கட்டும்.”

தெருக்காரர்கள் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் நாற்காலிகள் கொண்டுவந்தார், ஒருவர் விளக்கு கொண்டுவந்தார், கடைக்காரர் ஒரு பெரிய கேனில் டீ வைத்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசாமல் போனார். கண்டக்டரம்மா அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள், மெதுவாக அழ அவளுக்குத் தெரியாது. அழுகைக்கு நடுவே ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி அதைக் கேட்டே விட்டாள்.

“நான் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன் டாக்டரம்மா. எனக்கு இந்த வீடு வேணாம், கடல் வேணாம். அவரு வாங்கிக்கலாமான்னு கேட்டப்போ நான் தலையாட்டினேனா? நீங்க பாத்தீங்களா?”

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் உங்களைப் பாக்கல. அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றார். “நல்ல பதில் கிடைச்ச ஆள் மாதிரிதான் இருந்தாரு.”

பதில் கிடைத்துவிட்டது, ஆனால் கொடுத்தது யாரென்று தெரியவில்லை. கண்டக்டரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் மகன் காரில் வந்து சேர்ந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எழுந்து முகம் கழுவிய பிறகு, பொறுப்பான பிள்ளை பேசவேண்டியதைப் பேசினான். “அந்த வீட்டு விஷயத்தை நான் புரோக்கர்கிட்ட சொல்லி முடிச்சுடறேம்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்? நீ என்கூட வந்துடு.”

“சரி,” என்றாள். அவளும் அதைத்தானே சொல்ல வந்திருந்தாள்.

மறுநாள் காலை தெருமுனையில் ஒரு பஸ் வந்து நின்றது. டிப்போ பஸ். உள்ளே வர முடியாமல் அங்கேயே நின்று அது ஆட்களை இறக்கியது. முன்கதவு வழியாக அவளோடு வேலை பார்த்த டிரைவர்களும் கண்டக்டர்களும், பின்கதவு வழியாகப் பெயின்டரோடு சாரம் ஏறியவர்களும். அந்த ஊர் அதன் பிறவியில் அவ்வளவு சத்தத்தைக் கேட்டிருக்காது. மூக்கைச் சிந்துவதைக்கூட டிப்போக்காரர்கள் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் சிந்தினார்கள்.

வரிசையாக வந்த பெயின்டர்கள் முன்னறைக்குள் போகவில்லை. சுவரிடம்தான் போனார்கள். ஒட்டடைக்குச்சி என்று பெயரெடுத்த நெட்டையர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலிருந்து கீழே தடவினார். “ஒரே சீரா இழுத்திருக்காரு பாரு. முழங்கால் வலின்னா நம்ப முடியுதா?” என்றார். இன்னொருவர் கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அதன் பிறகுதான் ஒவ்வொருவராகச் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் அழுதார்கள்.

“எப்படிம்மா ஆச்சு?” என்றார்கள்.

புரோக்கர் சொல்ல ஆரம்பித்தார். வீடு மாறி அடித்த இடத்துக்கு வந்ததும், அழுதுகொண்டிருந்த டிரைவர் ஒருவருக்குத் தோள் குலுங்கியது. அழுகைதான் என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். பார்த்தால் சிரிப்பு. தொற்றிக்கொண்டது. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்தியவர்களுக்கு மூக்கு வழியாக வந்தது.

“நீ சொல்றது தப்பு,” என்று மூலையிலிருந்து கண்டக்டரம்மாவின் குரல் எழுந்தது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். “‘ஏண்ணே’ன்னு நீ கேட்டதுக்கு அவரு உடனே பதில் சொல்லல. உன்னை ஒரு பார்வை பாத்தாரு, பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி. அதை விட்டுட்டே. முதல்லேருந்து நானே சொல்றேன்.”

சொன்னாள். எழுந்து நின்றுகொண்டு, கையை ஆட்டி, இடதையும் வலதையும் காட்டி, டாக்டரம்மா மாதிரியும் கப்பல் சமையல்காரர் மாதிரியும் பேசிக்காட்டிச் சொன்னாள். வெளியே நின்ற தெருக்காரர்கள் ஜன்னலோரம் வந்தார்கள். தாமதமாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக அந்த அறையில் உயிரோடு இருந்தார். அவ்வளவு சந்தோஷமான மனிதரைத்தான் வழியனுப்புகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். தனக்கு இப்படியொரு சாவு வராது என்று பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ் புறப்பட வேண்டிய நேரம். பெயின்டர்களைக் காணோம். தேடிப் போன டிரைவர் பக்கவாட்டுச் சுவருக்குப் பக்கத்தில் அவர்களைக் கண்டுபிடித்தார். வெள்ளைச் சட்டைகளைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் பாக்கியிருந்த பட்டையை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாதியில விட்டுட்டுப் போற ஆளில்ல அவரு,” என்றார் ஒட்டடைக்குச்சி. “ஆனா காஞ்ச இடத்துல புதுசு சேத்தா ஒட்டு தெரியும். நான் சொன்னேன், இவனுங்க கேக்கல.”

“தெரியாது,” என்றார் ஒருவர்.

“கோடு மாதிரி தெரியும்டா. எழுதி வெச்சுக்கோ.”

சண்டை போட்டுக்கொண்டே அடித்து முடித்தார்கள். சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்கள். பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் ஊர் மறுபடி தன் வாயை மூடிக்கொண்டது. கடல் மட்டும் இரைந்தது. கண்டக்டரம்மா தெருவில் நின்றாள். இந்த அமைதிக்குப் பயந்துதானே வேண்டாம் என்று சொல்ல வந்தோம் என்று நினைத்தாள். பயம் அப்படியேதான் இருந்தது, எங்கேயும் போய்விடவில்லை.

“புரோக்கர் நிக்கறாரும்மா,” என்றான் மகன், கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. “வேணாம்னு சொல்லிடவா?”

“சொல்லிடலாம்,” என்றாள். “உள்ள ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அவரு ஆசைப்பட்ட வீட்டைக் கண்ணால பாக்காம போனேன்னா மனசு கேக்காது.”

கப்பல் சமையல்காரர் சாவியைக் கொடுத்தார். தானும் வருவதாகச் சொன்னவரைக் கையமர்த்திவிட்டு அவள் மட்டும் போனாள். பூட்டு உப்பில் இறுகியிருந்தது. முன்னறை, படுக்கையறை, ஒரு சின்னக் கூடம். நல்ல வீடுதான். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள். கடைசியாகச் சமையலறை. ஒரு நீளமான கல்மேடை, தொட்டி, மறந்துவிட்டுப் போன இரண்டு டம்ளர்கள். ஒரே இருட்டு. பக்கவாட்டில் இருந்த ஜன்னலின் கொக்கி வரவில்லை. அடித்துத் தட்டித் தள்ளினாள். கதவு விரிந்ததும் அறை முழுக்க வெளிச்சம் வந்து விழுந்தது, எலுமிச்சை வெளிச்சம்.

எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, டாக்டரம்மா வீட்டுப் பக்கச் சுவர் நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே சரிந்து வந்த மேற்கு வெயில் மொத்தமும் அதன் மேல்தான். ஜன்னல் நிறைய அந்தச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலிருந்து கீழே சீராக இறங்கி வந்த நிறம், தரைக்கு ஒரு முழம் மேலே, மெல்லிய கோடு ஒன்றில் நின்று, அதற்குக் கீழே வேறு கைகளுடையதாக மாறியது. ஒட்டடைக்குச்சி சொன்னது சரி, ஒட்டு தெரிந்தது.

அவர் சரியான வீட்டுக்கு அடித்திருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது. யாராலாவது தன் வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தை உள்ளேயிருந்து பார்க்க முடியுமா? தெருவில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். டாக்டரம்மா பார்த்திருப்பார். கண்டக்டரம்மா கல்மேடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா!” என்று மகன் தெருவிலிருந்து கூப்பிட்டான். “இருட்டறதுக்குள்ள கிளம்பலாம். புரோக்கர்கிட்ட என்ன சொல்ல?”

“எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு,” என்றாள்.



“அம்மா?”

“காது கேக்கலையா? கையெழுத்து எங்கன்னு கேளு. நீ இன்னிக்குப் போயிட்டு, வர்றப்போ என் துணியும் அந்தப் பெரிய அடுப்பும் எடுத்துட்டு வா.”

எதிர்ச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. டாக்டரம்மாவின் வெள்ளைத் தலை தெரிந்தது. என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர், வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

“டீத்தூள் இருக்கா டாக்டரம்மா?” என்றாள் கண்டக்டரம்மா.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கண்டக்டரம்மா குழாயைத் திருகினாள். முதலில் காற்று வந்தது, பிறகு துருத் தண்ணீர் வந்தது, அது தெளியும்வரை ஓடவிட்டாள். டம்ளர் ஒன்றைத் தேய்த்துக் கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்றையும் கழுவி அதன் பக்கத்தில் வைத்தாள்.